கடலூர், புதுச்சேரி கார் ஷோரூம்காரர்களுக்கு: வண்டிக்குள் எதெது அலை விடுகிறது என்று எழுதிக் கொடுங்கள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் கார் விற்கும் ஷோரூம்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருஷமாக எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துக் காயில் கட்டுவதுதான் வேலை. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தபோது தண்ணீர் புகுந்த பம்ப்செட் மோட்டார்களை மாதக்கணக்கில் இரவு பகலாகக் கட்டிக் கொடுத்தோம், உங்களில் சிலர் வீட்டு மோட்டாரும் அதில் இருந்திருக்கும். கம்பியில் கரண்ட் ஓடினால் சுற்றிலும் காந்தப்புலம் வரும் என்பது எனக்குக் கையால் தெரிந்த விஷயம். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், போன இரண்டு மாதத்தில் உங்களில் நான்கு பேர் ஷோரூமுக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்டேன், நான்கு இடத்திலும் வாட்ஸ்அப்பில் எதையோ படித்துப் பயந்து வந்த ஆள் என்றுதான் என்னை நினைத்தார்கள்.

கேள்வி இதுதான். இந்த வண்டிக்குள் எதெது மின்காந்த அலை விடுகிறது, அது எங்கே இருக்கிறது, அதில் எதை நிறுத்தி வைக்க முடியும்?

என் மனைவிக்குப் போன வருஷம் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இடது பக்கக் காறை எலும்புக்குக் கீழே, தொட்டால் தீப்பெட்டி மாதிரி தட்டுப்படும். டாக்டர் தெளிவாகவே சொன்னார்: கார், பஸ், ரயில் எல்லாவற்றிலும் போகலாம், இப்போது வரும் கருவிகளுக்குக் கவசம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் செல்லை ஜாக்கெட்டுக்குள் செருகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், போன் எப்போதும் 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும், ஓடுகிற எஞ்சினுக்கு மேலே குனியாதீர்கள், ஒரு அடியாவது தள்ளி நில்லுங்கள். அவ்வளவுதான். செக்கப்புக்குப் புதுச்சேரிக்குப் போக வர பஸ்ஸில் அரியாங்குப்பம் நெரிசலில் நின்றுகொண்டு வருவது அவளுக்கு முடியவில்லை. அதனால்தான் கார் வாங்கலாம் என்று கிளம்பினோம்.

முதல் ஷோரூமில் டை கட்டிய தம்பி ஒருவர் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார், காபி வாங்கிக் கொடுத்தார். "கனெக்டட் கார் சார், செல்லிலேயே ஏசி போடலாம்" என்றார். இதில் எத்தனை ஆன்டெனா இருக்கிறது தம்பி என்று கேட்டேன். வெளியே கூட்டிக்கொண்டு போய் கூரை மேல் மீன் துடுப்பு மாதிரி இருப்பதைக் காட்டினார். அது ஒன்று, மற்றது? அவருக்குத் தெரியவில்லை, மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் சொன்ன பதிலைத்தான் அப்புறம் மற்ற மூன்று இடத்திலும் கேட்டேன்: "ஏஆர்ஏஐ பாஸ் ஆன வண்டி சார், அதெல்லாம் ஒன்றும் பிரச்சினை இருக்காது."

ஏஆர்ஏஐ என்பது வண்டிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் நிறுவனம். சரி, பாஸ் ஆனது என்றால் எதில் பாஸ் ஆனது என்று தேடிப் படித்தேன். ஏஐஎஸ்-004 என்ற நம் நாட்டுத் தரத்தின் மூன்றாம் பாகம்தான் இதற்கானது. வண்டியைச் சோதனைக்கூடத்தில் நிறுத்தி, 10 மீட்டரோ 3 மீட்டரோ தள்ளி ஒரு ஆன்டெனாவை வைத்து, வண்டியிலிருந்து வெளியே எவ்வளவு ரேடியோ இரைச்சல் வருகிறது என்று அளப்பார்கள். வெளியிலிருந்து அலை அடித்தால் வண்டியின் எலக்ட்ரானிக்ஸ் தடுமாறுகிறதா என்றும் பார்ப்பார்கள். நல்ல சோதனைதான், வேண்டிய சோதனைதான். ஆனால் அது வண்டிக்கு வெளியே இருக்கும் ரேடியோவுக்காகவும் வண்டியின் சொந்தப் பெட்டிகளுக்காகவும் செய்யும் சோதனை. சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் காலடியில், மடியில், நெஞ்சருகே எவ்வளவு இருக்கிறது என்று அதில் யாரும் அளப்பதில்லை. நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், ஒளியும் ஒலியும் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெருவில் ஸ்கூட்டர் போனால் டிவி முழுக்கப் புள்ளியும் கோடுமாக விழும். ஸ்பார்க் பிளக் விடுகிற இரைச்சல் அது. ரேடியோவுக்கு இப்படி வரும் தொந்தரவைக் கட்டுப்படுத்தத்தான் சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு 1934இலேயே தொடங்கியது, இன்றைய கார்த் தரங்கள் அந்த வழியில் வந்தவை. நான் கேட்ட கேள்விக்கும் "பாஸ் ஆன வண்டி" என்ற பதிலுக்கும் சம்பந்தமே இல்லை. இதைத் தெரிந்துகொண்டு சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், உங்களுக்கும் தெரியாது என்பதால்தான் இந்த மடல்.

பதிலை நானே தேட வேண்டியதாயிற்று. தேடியதை இங்கே எழுதுகிறேன், அடுத்து யாராவது கேட்டால் உங்களுக்கு உதவும்.

முதலில், எது அலை விடாது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயந்து வருகிறவர்கள் இதில்தான் அதிகம் குழம்புகிறார்கள். ஜிபிஎஸ் வானத்திலிருந்து வருவதை வாங்கிக்கொள்வதோடு சரி, எதையும் அனுப்பாது. எஃப்எம் ரேடியோவும் அப்படியே. ரிவர்ஸ் எடுக்கும்போது பீப் அடிக்கும் பம்பர் சென்சார் விடுவது காதுக்குக் கேட்காத ஒலி, மின்காந்த அலையே கிடையாது. கண்ணாடியில் ஒட்டும் ஃபாஸ்டேக்குக்குள் பேட்டரி இல்லை. மொரட்டாண்டி டோல்கேட்டில் மேலே இருக்கும் ரீடர் அலையை அடிக்கும்போது அதையே வாங்கித் திருப்பி விடும், மற்ற நேரம் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபாஸ்டேக்கைக் கிழித்துப் போடச் சொல்லிக் கேட்டவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

விடுகிறவை வேறு. ஸ்டீரியோவின் புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில். கேபிள் இல்லாமல் போன் திரையை வண்டியில் காட்டும் வசதி இருந்தால் அதற்கு வண்டிக்குள்ளேயே ஒரு வைஃபை. சக்கரத்தில் காற்று அளவு பார்க்கும் சென்சார் ஒவ்வொன்றும், வண்டி ஓடும்போது 433 மெகாஹெர்ட்ஸில் அவ்வப்போது ஒரு சின்னச் செய்தி அனுப்பும். முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே பிரேக் போடும் வண்டிகளில் பெரும்பாலும் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் இருக்கும், அது வெளியே பார்த்து அடிப்பது, சீட்டில் இருப்பவருக்கு அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. 2019இல் வென்யூ, ஹெக்டர் கார்கள் வந்ததிலிருந்து பெருகிய சிம் வைத்த வண்டிகளில், டாஷ்போர்டுக்குள் ஒரு செல்போன் மாதிரியே ஒரு பெட்டி இருக்கிறது. 4ஜி போன் அதிகபட்சமாக விடும் சக்தி 200 மில்லிவாட், சாதாரண புளூடூத் அதில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான். சிக்னல் இல்லாத இடத்தில் போன் சக்தியை ஏற்றிக்கொள்ளும், தகரக் கூட்டுக்குள் இருந்தால் இன்னும் ஏற்றும். ஆகவே பைக்குள் இருக்கிற நம் போனை முதலில் ஏரோப்ளேன் மோடில் போடுவதுதான் பெரிய லாபம், அது எங்கள் கையில் இருக்கிறது, அதற்கு உங்களைக் கேட்க வேண்டாம். டாஷ்போர்டுக்குள் இருக்கும் சிம் பெட்டியை எப்படி நிறுத்துவது? அந்த சிம்முக்கான சந்தா முடிந்த பிறகும் அது டவரோடு பேசிக்கொண்டிருக்குமா? இதை நான் நான்கு ஷோரூமிலும் கேட்டேன், ஒருவரிடமும் பதில் இல்லை.

இப்போது சாவிக்கு வருகிறேன், எங்களுக்கு முக்கியமானது இதுதான். பட்டன் அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில், கைப்பிடியைத் தொட்டதும் வண்டி தன் ஆன்டெனாக்களிலிருந்து 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு காந்தப்புலத்தை விட்டு "சாவி பக்கத்தில் இருக்கிறதா" என்று கேட்கும், பையில் இருக்கும் சாவி பதில் சொல்லும். அந்த ஆன்டெனாக்கள் கதவுக் கைப்பிடியில், இரண்டு சீட்டுக்கு நடுவே, டிக்கி பக்கம் என்று நாலைந்து இடத்தில் இருக்கும். ஒரு ஷோரூமில் டிஸ்ப்ளே வண்டியின் டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் இருந்த கையேட்டை எடுத்து அங்கேயே உட்கார்ந்து படித்தேன். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த ஆன்டெனாக்களிலிருந்து 22 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது, எங்கெங்கே இருக்கின்றன என்று படமும் இருந்தது. அதற்குக் கீழேயே, தேவைப்பட்டால் இந்த வசதியை நிறுத்தி வைக்கலாம், டீலரைக் கேளுங்கள் என்றும் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன், டீலர் எதிரில் நிற்கிறார். பக்கத்தைக் காட்டிக் கேட்டேன். "அப்படி எல்லாம் ஆஃப் பண்ண முடியாது சார், கம்பெனி செட்டிங்" என்றார். கம்பெனி அச்சடித்த புத்தகம் உங்களைக் கேட்கச் சொல்கிறது, நீங்கள் முடியாது என்கிறீர்கள். என் மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டாள். மூடிய சேலைக்கு மேலேயே கையை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கார் வேண்டாம், பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்றாள்.

சீட்டுகளுக்கு நடுவே போன் வைத்தால் சார்ஜ் ஆகும் தட்டும் இதே கதைதான். அதற்குள் இருப்பது ஒரு காயில், 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஓடும். ஆப்பிள் கம்பெனியே பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஐபோனை 15 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வைக்கவும், வயர்லெஸ்ஸில் சார்ஜ் ஆகும்போது 30 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வைக்கவும் சொல்கிறது. சார்ஜர் தட்டில் போன் இருக்கும்போது இடது முன்சீட்டில் இருப்பவர் ஏதோ எடுக்கக் குனிந்தால் எவ்வளவு தூரம் வரும் என்று நீங்களே ஒருமுறை டேப் வைத்து அளந்து பாருங்கள்.

சீட் என்றதும் இன்னொன்று, அலைக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். நம் வண்டிகளில் முன் இடது சீட்டின் பெல்ட் இடது தோளிலிருந்து இறங்கும், நேராகப் பேஸ்மேக்கர் மேலேயே அழுந்தும். பின்சீட்டில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தால் பெல்ட் வலது தோளிலிருந்து வரும். நடு ஆன்டெனாவும் எட்ட இருக்கும். பெல்ட் போடாமல் இருப்பது கூடவே கூடாது, அதனால் அவளுக்கு அந்த சீட்தான் என்று முடிவு செய்தோம். இதைச் சொல்ல ஷோரூமில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்தது வெறும் வயரிங்கிலிருந்து வரும் காந்தப்புலம். நண்பர் ஒருவரிடம் மீட்டர் இரவல் வாங்கி, மருமகன் வண்டியில் எல்லா சீட்டிலும் வைத்துப் பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது தலை உயரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இடது முன்சீட்டில் கால் வைக்கும் இடத்துக்குக் கொண்டுபோனதும் எண் ஏறியது, ஏசி ஃபேனை நான்காம் நம்பரில் வைத்ததும் இன்னும் ஏறியது, ஃபேனை நிறுத்தியதும் விழுந்தது. டாஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் புளோயர் மோட்டார்தான் அது, பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, நாங்கள் கட்டுகிற சாமான்தானே. சாதாரணக் கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் பாடியிலேயே திரும்பி வரும். போகும் வயர் ஒரு பக்கம், வரும் வழி வண்டித் தகரம் முழுக்க. போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒட்டி ஓடினால் ஒன்றின் புலத்தை மற்றது அடித்துவிடும், விலகி ஓடினால் நடுவில் இருப்பவர் மேல்தான் அது விழும். அதனால் எந்த வண்டி நல்லது என்பது பெட்ரோலா கரண்டா என்பதில் இல்லை, வயரை எப்படி இழுத்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. எலக்ட்ரிக் கார் என்றால் உள்ளே எல்லாம் கதிர்வீச்சு என்று பேசுகிறவர்கள் நிறைய. ஜெர்மனியின் மத்தியக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகம் 11 எலக்ட்ரிக் கார்களோடு ஹைபிரிட், சாதாரண எஞ்சின் வண்டியையும் சேர்த்து அளந்து 2025இல் முடிவை வெளியிட்டது. உடம்புக்குள் இருக்க வேண்டிய வரம்பு எதிலும் தாண்டவில்லை, அதிகமாக இருந்தது கால் பக்கம், தலை பக்கம் குறைவு, அழுத்தி ஓட்டும்போதும் பிரேக் போடும்போதும் சட்டென்று ஏறுகிறது, மோட்டார் பெரிது என்பதால் புலம் பெரிது என்று சொல்ல முடியாது. என் கடை அனுபவத்துக்கு இது சரியாகவே படுகிறது.

டயரும் உண்டு, இதைக் கேட்டால் நம்ப மாட்டார்கள். ரேடியல் டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி காந்தமேறிப் போயிருக்கும். மஞ்சக்குப்பத்தில் பஞ்சர் கடையில் ஜாக்கி போட்டுத் தூக்கிய சக்கரத்துக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். முள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று ஆடியது, பஞ்சர் கடைப் பையன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தான். சின்ன வண்டியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஒன்பது சுற்று சுற்றும், ஆக ஒன்பது ஹெர்ட்ஸ். நான் வைத்திருந்த மீட்டர் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே படிக்காது. மீட்டரில் வராததால் இல்லை என்றும் அர்த்தமில்லை, முள் ஆடியதால் ஆபத்து என்றும் அர்த்தமில்லை. முறையான கருவி வைத்து அளந்து சொல்ல வேண்டியது வண்டி செய்கிறவர்கள்.

எங்கள் தெருவில் ட்யூஷன் எடுக்கும் அக்கா ஒருவருக்குப் புது வண்டிகளில் ஏறினால் தலை கனக்கிறதாம், பழைய வண்டியில் வருவதில்லையாம். அது அலையால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே சொன்னது, இப்படிப்பட்டவர்களின் அவஸ்தை உண்மையானது, ஆனால் அதை மின்காந்தப் புலத்தோடு சேர்க்க அறிவியல் ஆதாரம் இல்லை என்று. நான் அதை ஏற்கிறேன். ஆனாலும் அவர் ஏழு எட்டு லட்சம் கொடுத்து வாங்கப்போகிறவர், புளூடூத் இல்லாத வண்டி இருக்கிறதா என்று கேட்டால் காரணம் கேட்காமல் காட்ட வேண்டும். வெள்ளை நிறம் வேண்டும் என்றால் ஏன் என்றா கேட்கிறீர்கள்?

நிறையப் பேர் எனக்குச் சொன்ன யோசனை, இருபது வருஷப் பழைய மாருதியோ அம்பாசிடரோ வாங்கிவிடு, அதில் ஒரு அலையும் இல்லை என்பது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கார்களுக்குக் கட்டாயம் ஆனதே 2019 ஏப்ரலில்தான், பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் கட்டாயமானது 2021இல். கடலூர் புதுச்சேரி சாலையில் தவளக்குப்பம் பக்கம் ஒரு வாரம் போய் வந்தவனுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். அளந்து உறுதியாகாத ஒன்றுக்குப் பயந்து, நிச்சயமாக உயிரைக் காப்பாற்றும் ஒன்றை விட்டுக்கொடுக்க முடியாது. நான் கேட்பது புது வண்டி, எல்லாப் பாதுகாப்பும் இருக்கிற, சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்கிற, சிம் இல்லாத வண்டி. அப்படிப்பட்டது பல சின்னக் கார்களில் அடிமட்ட வேரியன்டாக இருக்கிறது, சிலவற்றில் ஸ்டீரியோவே கிடையாது. ஆனால் நான்கு ஷோரூமிலும் அது கண்ணில் படும் இடத்தில் இல்லை, ஒரு இடத்தில் "அது டாக்ஸிக்குப் போறது சார், உங்களுக்கு எதுக்கு" என்றார்கள். சில மாடல்களில் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்றால் மேல் வேரியன்ட்தான், அதோடு சிம், வைஃபை, சார்ஜர் தட்டு எல்லாம் கட்டாயமாக ஒட்டிக்கொண்டு வரும். இந்தக் கட்டை அவிழ்க்கச் சொல்லி உங்கள் கம்பெனிக்கு எழுத வேண்டியவர்கள் நீங்கள்தான், நாங்கள் எழுதினால் யார் படிப்பார்கள்?

நம் நாட்டில் எந்த போனிலும் *#07# அழுத்தினால் அதன் எஸ்ஏஆர், அதாவது அலையிலிருந்து உடம்பு உறிஞ்சும் சக்தியின் அளவு, திரையில் வருகிறது, கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பும் இருக்கிறது. டவருக்கான வரம்பை 2012 செப்டம்பரில் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். பத்தாயிரம் ரூபாய் போனுக்கும் தெரு முனை டவருக்கும் இருக்கிற கணக்கு, அதே மாதிரி நாலைந்து டிரான்ஸ்மிட்டர் வைத்த காருக்கு வாங்குபவர் கண்ணில் படும்படி எங்கேயும் இல்லை. அளக்க முறை இல்லை என்றும் சொல்ல முடியாது. வண்டிக்குள் மனிதர் இருக்கும் இடத்தில் காந்தப்புலத்தை எப்படி அளப்பது என்று ஐஇசி 62764-1 என்ற சர்வதேசத் தரம் 2022இல் வந்துவிட்டது, சீனா 2019இலேயே தனக்கென்று ஒரு முறையை வெளியிட்டது. மற்ற நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிற கம்பெனிகள்தானே உங்களுடையவை, அளந்திருந்தால் அந்தத் தாளை எங்களுக்கும் காட்டச் சொல்லுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவில்லை. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரே ஒரு பக்கம், தமிழில், எந்த டிரான்ஸ்மிட்டர் எங்கே இருக்கிறது, எதை மெனுவில் நிறுத்தலாம், எதை சர்வீஸ் கம்ப்யூட்டர் போட்டு நிறுத்தலாம், எதை நிறுத்தவே முடியாது என்று எழுதி விலைப் பட்டியலோடு வையுங்கள். கையேட்டில் டீலரைக் கேள் என்று போட்டிருப்பதை உங்கள் சர்வீஸ் ஆட்கள் தெரிந்துகொள்ளட்டும், டெலிவரிக்கு முன்னால் செய்து கொடுத்து ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது மீட்டர் வைக்கிறேன் என்று ஒருவர் கேட்டால் அரை மணி நேரம் கூடக் கொடுங்கள். பக்கம் தயாரிக்க ஆள் இல்லை என்றால் நானே கையேட்டைப் பார்த்து எழுதித் தருகிறேன், காசு வேண்டாம், கடைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவுதான்.

அடுத்த செக்கப் தை பிறந்த பிறகு. அதற்குள் வண்டி எடுத்துவிட வேண்டும் என்று இருக்கிறேன். சாவி போட்டுத் திருகும் அடிமட்ட வேரியன்ட் ஒன்றை ஓட்டிப் பார்க்க யாராவது வெளியே எடுத்து நிறுத்தி வைத்தால், வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். மீட்டரும் திசைகாட்டியும் கொண்டு வருகிறேன். என் மனைவி டிரைவருக்குப் பின்னால் உட்காருவாள்.